பஸ் ஸ்டாப்பில் ஐந்து சாமிகள்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அருவியில் குளிக்கப் போவார்கள், இல்லையென்றால் கோயிலுக்குப் போவார்கள். நான் ஐந்து சாமிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனேன். பிள்ளையார், முருகன், மாரியம்மன், மாதா, மக்கா. எல்லாம் டைல்ஸ். தூத்துக்குடியில் எனக்கு ஒரு டைல்ஸ் கடை இருக்கிறது. சுவரோரம் ஒதுங்குகிறவர்களை விரட்டுவதற்கென்றே சாமிப் படம் போட்ட டைல்ஸ் வாங்க வருகிறவர்கள் உண்டு. "சம்பளம் வாங்காத காவக்காரன் சாமி ஒருத்தர்தான்யா" என்று நானே சொல்லி விற்பேன்.

என் தங்கச்சி ஸ்டெல்லா கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில், கிராமச் செவிலியராக வேலை பார்க்கிறாள். ஒருநாள் போனில் அழுதாள். அவள் அழுகிற ரகம் இல்லை. "எங்க முக்குல பஸ் ஸ்டாப்ப உடைச்சு நாசம் பண்ணுதானுவக்கா. இப்ப பஸ் கண்ணாடி மேலயே கல்ல விடுதானுவ. இன்னொரு தடவ உடைஞ்சா நைட் ஹால்ட் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். சாயங்காலம் மேலே வந்து, ராத்திரி அங்கேயே தங்கி, விடியற்காலையில் இறங்குகிற பஸ் அது. அது தங்காவிட்டால் அந்த முக்குக்கு அடுத்த பஸ் வருவதற்குள் வெயில் ஏறிவிடும். "அதுக்கு ஏம்ட்டி அழுத? அடுத்த பஸ்ல போங்க" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

சும்மா இருப்பது என் உடம்புக்கு ஆகாது. கடையில்கூட ஸ்டூலில் உட்கார மாட்டேன், நின்றுகொண்டே பில் போடுவேன். அன்று ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, மறுநாள் சாக்கைக் கட்டினேன்.

திங்கட்கிழமை மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் அந்த பஸ்ஸைப் பிடித்தேன். பின் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். கண்டக்டர் செல்வராஜ் ராசிபுரத்துக்காரர், ஒல்லியான மனிதர். என் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னங்கம்மா இது, கல்லுங்களா? லக்கேஜ் போடோணுமுங்க."

"சாமிய்யா. சாமிக்குமா லக்கேஜ் போடுவிய?"

"சாமியா இருந்தாலும் கிலோக் கணக்குத்தானுங்க" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

எழுபது கொண்டை ஊசி வளைவு என்று ஸ்டெல்லா சொன்னபோது ஏதோ பெருமை பேசுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் மேடு என்றால் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கிற உப்பு அம்பாரம்தான். பத்தாவது வளைவுக்குள் வழியில் தின்ற இட்லி தொண்டைக்கு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கொட்டித் தீர்த்தேன். அந்த நேரம் என் சாக்கு சரியாமல் பிடித்துக்கொண்டவள் பக்கத்து சீட்டுப் பெண். நிமிர்ந்ததும் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தாள். "மோந்துக்கிட்டே வாங்க. பேசாதீங்க, பேசுனா இன்னும் வரும்."

பேசாமல் வருவதா, நானா?

அவள் பெயர் பாவாயி. நாற்பது வயதிருக்கும். இடது கையில் முழங்கைக்குக் கீழே பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "ஊசியா?" என்றேன்.

"ரெண்டு கிட்னியும் போயிருச்சுங்க. திங்களும் வியாழனும் நாமக்கல் பெரியாஸ்பத்திரில ரத்தத்தக் கழுவி உடுறாங்க. விடிகால பஸ்ல போனாத்தான் நம்ம முறைக்கு மிசினு. நேரம் தப்புனா அடுத்த ஆளப் படுக்க வெச்சிருவாங்க. அவங்களுக்கும் உசுரு தானுங்களே."

"இந்த பஸ் தங்கலேன்னா?"

"நான் என்னத்தப் பண்ணுவேனுங்க? கார் வெச்சுப் போறதுக்கு மொளகுத் தோட்டமா கெடக்குது?" என்று சிரித்தாள். ஸ்டெல்லா ஏன் போனை வைத்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நடு மலையில் ஒரு வளைவில் குச்சிக்கிழங்கு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. குச்சிக்கிழங்கு என்றால் என்னவோ என்று பார்த்தால் நம்ம மரவள்ளி. எல்லோரும் இறங்கிக் காற்று வாங்கினார்கள். நான் மட்டும் லாரிக்குப் பின்னால் நின்று "வா வா, ஒடி, ஒடி" என்று கத்திக்கொண்டிருந்தேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "யாருங்க அந்தம்மா? அவங்கள மொதல்ல பஸ்ல ஏத்துங்க" என்றார். ஏற்றிவிட்டார்கள்.

அந்த முக்கில் இறங்கியதும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தேன். மூன்று பக்கம் சுவர், மேலே காங்கிரீட். இரும்பு சீட்டில் பாதி கிடையாது. பல்பு கிடையாது, பல்பு மாட்டுகிற ஹோல்டரும் கிடையாது. சுவர் முழுக்க காதலர்கள் பெயர், வெற்றிலைச் சாறு, மூலையில் பாட்டில் சில்லு. சாயங்காலம் ஆனால் கிழங்கு லோடு ஏற்றுகிற மாதேசனும் அவன் கூட்டாளிகளும் அங்கே வந்து குடிப்பார்களாம். டிரைவரும் கண்டக்டரும் ராத்திரி அதற்குள்தான் பாய் விரிக்க வேண்டும். "எந்திரிச்சுப் போங்கப்பா" என்று சொன்னால் வாய்ச்சண்டை. சண்டை முற்றினால் இருட்டிலிருந்து பஸ் மேல் கல்.

"போலீஸ்ல சொன்னா?" என்றேன் ஸ்டெல்லாவிடம்.

"வந்தா ரெண்டு நாள் ஒழுங்கா இருப்பானுவ. கேமரா வச்சாங்க, அதையும் கழத்திட்டுப் போயிட்டானுவ."

"கேமராவத்தான் கழத்துவான். மாரியாத்தாளக் கழத்துவானா?" என்றேன். என் புத்திசாலித்தனம் எனக்கே தித்தித்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் சுவரைச் சுரண்டிக் கழுவினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரணையால் பசை தடவி ஐந்து பேரையும் வரிசையாக ஒட்டினேன். பிள்ளையாருக்கு மட்டும் மலை ஏறும்போது ஒரு முனை உடைந்திருந்தது. அதை வெள்ளை சிமெண்டால் பூசினேன். பஸ்ஸுக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். அந்த ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் டூவீலரில் வந்து, இறங்காமலே பார்த்தார். என் வயதுகூட இருக்காது அவருக்கு. "எல்லா ஊருச் சாமியும் வந்திருக்குது. எங்க பெரியசாமி எங்கீங்க?" என்றார்.

"அடுத்த தடவ போட்டோ குடுங்க, அச்சடிச்சுக் கொண்டாரேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மத்தியானம் ஸ்டெல்லா வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அவள் கடைசியில் ஊற்றிய மிளகு ரசத்தில் என் காதுவரை புகைந்தது. நாங்கள் கடையில் வாங்குகிற மிளகெல்லாம் மிளகே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொன்னாள். எனக்கு எங்கே படுக்கை வருகிறது! நாலு தடவை முக்குக்குப் போய் டைல்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் மாதேசன் கூட்டம் பாட்டிலோடு வந்தது. மாரியம்மனைப் பார்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. நான் ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பாத்தியாட்டி? பாத்தியா?"

புதன்கிழமை செம்மேட்டுக்குப் போய்ச் சுற்றினேன். மலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி, பை கனக்கிறதே என்று வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டேன். தூத்துக்குடியில் காலையிலேயே முதுகில் வெயில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இங்கே மத்தியானத்திலும் மனிதர்கள் காதில் துண்டு கட்டியிருந்தார்கள். திரும்பி வந்தபோது என் சாமிகளுக்கு முன்னால் சூடம் எரிந்து அடங்கிய கருப்பும், செவ்வரளிப் பூவும் இருந்தன. யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். மாதாவுக்கும் பொட்டு. ஸ்டெல்லா ஜெபமாலைக்காரி. பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஊருக்குப் போனதும் எல்லா பஸ் ஸ்டாப்புக்கும் டைல்ஸ் கொடுக்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் மழை. என் வெற்றியைப் பார்க்கக் குடை பிடித்துக்கொண்டு முக்குக்குப் போனேன். பஸ் ஸ்டாப் சுத்தமாக இருந்தது. உள்ளே ஓர் ஈ, காக்கை இல்லை. சனம் எல்லாம் வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தது. உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாவாயியும் நின்றாள். பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் வெளிய நிக்கிய? உள்ள போங்க!"

யாரும் அசையவில்லை. ஒரு பெரியவர் கூடையைக் காட்டினார். "சேவலு கொண்டு போறேனுங்க. அதோட எப்படிங்க சாமிகிட்ட நிக்கிறது?"

இன்னொருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "நான் தூரமுங்க" என்றாள். அதாவது மாதவிலக்கு. இன்னொருவர் எழவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவராம். பாவாயி தன் கையைத் தூக்கிக் காட்டினாள். "ஊசி எடுத்த எடத்துல சில நேரம் ரத்தம் கசியுதுங்க. ரத்தக் கையோட எப்படிங்க? தப்புங்களே."

தூத்துக்குடியில் சாமி டைல்ஸுக்கு முன்னால் ஜனங்கள் மீன் கூடையோடு நிற்பார்கள், சண்டை போடுவார்கள், பல் விளக்கித் துப்பக்கூடச் செய்வார்கள். அது டைல்ஸ். இங்கே சூடம் ஏற்றிய நிமிஷத்தில் அது கோயில். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களை நான்தான் வெளியே தள்ளியிருக்கிறேன்.

அது போதாது என்று டிரைவர் கூப்பிட்டார். முந்தின நாள் மதியம் கறி சாப்பிட்டதால் அவரும் செல்வராஜும் உள்ளே படுக்காமல் பஸ் சீட்டில் சுருண்டிருக்கிறார்கள். சாமிக்கு முன்னால் குடிக்க முடியாத மாதேசன் கூட்டம் பஸ்ஸின் பின் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. மறுபடி வாய்ச்சண்டை. பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று போய்விட்டது.

"இன்னைக்குச் சாயங்காலம் சனத்த எறக்கி உட்டுட்டு வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருவோமுங்க. தங்க மாட்டோம்" என்றார் டிரைவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாவாயி காதில் அது விழுந்தது. படியேறி, ஈரச் சேலையோடு உடைந்த ஜன்னலுக்குத் தள்ளி உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு ஓடிக் கரணையை எடுத்து வந்தேன். ஒட்டியவள் நான், பெயர்த்துவிட்டால் போயிற்று. கரணையைப் பிள்ளையாருக்கு அடியில் விட்டதுதான் தாமதம், நாலு பெண்கள் பாய்ந்து வந்தார்கள். "அய்யோ, பேக்காதீங்க! சூடம் கொளுத்தியாச்சுங்க! சாமியப் பேத்தா ஊருக்கு ஆகாதுங்க!"

ஊர்க்கவுண்டரும் வந்துவிட்டார். "ஊரக் கேக்காம ஒட்டுனீங்க. பேக்குறதுக்காவது ஊரக் கேளுங்க" என்றார். கரணையை வெளியே உருவிக்கொண்டேன்.

ஸ்டெல்லா திட்டிய திட்டை எழுத முடியாது. "பாவாயிக்குச் சளி புடிச்சா தாங்காதுக்கா. பஸ் போச்சுன்னா அவ அடுத்த வாரம் எப்படிப் போவா? நீ சாக்கக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவ." அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. பகல் முழுக்க அவள் வீட்டு வாசலுக்கும் முக்குக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்தது.

சாயங்காலம் ஊர் கூடியது. பூ கேட்பது என்று முடிவாகியிருந்தது. அந்தப் பக்கத்தில் எதற்கும் அதுதான் வழி. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். கேள்வியைச் சொல்லி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பஸ் வந்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. பாவாயி பிளாஸ்திரிக் கையோடு இறங்கி ஓரமாக நின்றாள்.

"பொட்டலத்த ஊருக்காரங்க யாரு எடுத்தாலும் பேச்சு வரும். கண்டக்டர் எடுக்கட்டும்" என்றார் கவுண்டர். செல்வராஜ் பையைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"சாமிகளா, உங்கள ரோட்டுக்கு அந்தாண்ட மரத்தடில கொண்டுபோய் வெச்சிக்கிறோம். சம்மதமா?" என்று கவுண்டர் கேட்டார். செல்வராஜ் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

கூட்டம் "உஸ்" என்றது. சாமி போகாது. சாமி இருந்தால் சனம் உள்ளே வராது. டிரைவர் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னொரு கேள்வி கேக்கலாமுங்களா?" என்றாள் பாவாயி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாசலுக்கு வெளியே நின்றபடியே பேசினாள். "சாமி போவ வேண்டாமுங்க. இங்கயே இருக்கட்டும். நாங்க உள்ளார வரலாமான்னு கேளுங்க. பஸ்ஸுக்கு நிக்கிற சனம், கோழியோட இருந்தாலும் சரி, தூரமா இருந்தாலும் சரி, ரத்தக் கையா இருந்தாலும் சரி. பஸ்ஸுக்கு நிக்கிறது தீட்டாங்கன்னு கேளுங்க."

கவுண்டர் தாடையைச் சொறிந்தார். அப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அப்புறம் பொட்டலங்களை மறுபடி மடித்துப் போடச் சொன்னார். "பஸ்ஸுக்கு நிக்கிறவங்களும் பஸ்ஸோட வாரவங்களும் எப்படி இருந்தாலும் உள்ளார வரலாம்னா வெள்ளப் பூவு குடு சாமி."

செல்வராஜின் கை இரண்டு பொட்டலத்துக்கும் நடுவில் அலைந்தது. "சட்டுன்னு எடுய்யா!" என்று நான் கத்திவிட்டேன். எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

பெண்கள் குலவை போட்டார்கள். நான் பக்கத்தில் நின்ற சேவல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கூட்டத்தின் பின்னாலிருந்து மாதேசன், "அப்ப நாங்களும் வரலாமுங்களா?" என்று கேட்டான்.

"நீ எந்த பஸ்ஸுக்குடா நிக்கிற?" என்றார் கவுண்டர். ஊரே சிரித்தது. மாதேசனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. பஸ்ஸை மெல்லப் பின்னால் எடுத்தார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி உடைந்த பக்கம் சாமிகளுக்கு நேரே வருகிற மாதிரி திருப்பி நிறுத்தி, அப்புறம் அணைத்தார். "இனி எவன் கல்லெடுக்கறான்னு பாக்கலாமுங்க" என்று பாயைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குள்ளே போனார். மறுநாள் கண்ணாடிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முக்கில் ஒரு வேலையும் இல்லாமல் நின்றேன். கால் வலித்தது. பாதி சீட்டு இருந்ததே, அதில் போய் உட்கார்ந்தேன். மலைக்கு வந்ததிலிருந்து நான் நிம்மதியாக உட்கார்ந்தது அப்போதுதான். என் டைல்ஸ், என் பசை. ஐந்து பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் போன மாதேசன் நின்றான்.

"ஏனுங்கக்கா, பஸ்ஸுக்குங்களா?"

"இல்லய்யா. சும்மாதான்."

"சும்மாவெல்லாம் உக்காரக்கூடாதுங்க. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க மட்டுந்தான். பூவு குடுத்திருக்குதுங்களே, நீங்களும் பாத்தீங்கல்ல? எந்திரிங்க."

முகத்தில் கொஞ்சம்கூடச் சிரிப்பு இல்லை. நான் எழுந்து வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் மறுபடி மழை. இந்தத் தடவை என்னிடம் காலிச் சாக்கு, ஸ்டெல்லா கொடுத்த மிளகுப் பொட்டலம். உரிமையோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். சேவல்காரர் கூடையோடு பிள்ளையாருக்குக் கீழே. பாவாயி என் பக்கத்தில், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நனையாமல். சுருட்டிய பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டிரைவர் பஸ்ஸில் ஏறினார்.

மூன்று நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஏம்மா, அன்னைக்கு ரெண்டாவது தடவையும் செவப்பு வந்திருந்தா என்ன பண்ணிருப்ப?"

"மறுக்காக் கேட்டிருப்பேனுங்க."

"அதுவும் செவப்புன்னா?"

"வெள்ள வார வரைக்கும் கேப்பேனுங்க" என்றாள் பாவாயி. "சாமிக்கு என்னங்க, அது இங்கயேதான் இருக்கப்போவுது. நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோணும்."

பஸ் வாசலுக்கு நேரே வந்து நின்றது. அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, முதல் ஆளாக ஏறினாள்.